நேற்றே வெளிநாடு போய்விட்டவர்

வெந்தலினின் முழங்கால்கள் அவருக்கு முன்பே விழித்துக்கொண்டன. முப்பது வருடமாக அடுத்தவர் வீட்டுத் தரையில் மண்டியிட்டு டைல்ஸ் ஒட்டிய கால்கள். வலது காலில் உலைக் கம்பி சொருகினாற்போல் ஒரு வலி, இடது காலில் மணல் அரைபடுவதுபோல் வேறொரு வலி. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டையும் உள்ளங்கையால் தேய்த்தார்.

"இன்னிக்கு உங்களுக்கு வேலையே இல்லைடா. வியன்னா வரைக்கும் உக்காந்துக்கிட்டே போறோம்" என்றார் கால்களிடம்.

மகள் அபொலேனாவுக்கு அன்று கல்யாணம். பன்னிரண்டு மணிக்கு வியன்னா பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. அதற்கு முன், பதினொரு மணிக்கு, மகளின் வீட்டில் ஆசீர்வாதம். பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டியிடுவார்கள், அப்பாவும் அம்மாவும் நெற்றியில் சிலுவை போடுவார்கள். செக் நாட்டு மொராவியாவில் அது இல்லாமல் எந்தப் பெண்ணும் வாசல் தாண்டியதில்லை. வியன்னாவுக்குப் போய் ஆறு வருடமானாலும் அபொலேனா அந்த விஷயத்தில் புர்னோக்காரிதான்.

"அப்பா, நீங்க வராம நான் வீட்டை விட்டு இறங்க மாட்டேன். அங்கே ஆபீஸ்காரங்க அஞ்சு நிமிஷம் லேட்டானாலும் அடுத்த ஜோடியைக் கூப்பிட்டுடுவாங்க. உங்க டிக்கெட் வித்தையெல்லாம் வேற நாள் வெச்சுக்கோங்க" என்று முந்தைய நாள் போனில் சொல்லியிருந்தாள்.

டிக்கெட் வித்தை என்று அவள் சொன்னது வெந்தலினின் பெருமை. ஒரே ரயில், ஒரே இருக்கை. இந்தப் பக்கத்து ரயில்வேயிடம் வாங்கினால் ஒரு விலை, அந்தப் பக்கத்து ரயில்வேயிடம் வாங்கினால் வேறு விலை. எல்லை வரை ஒன்று, எல்லையிலிருந்து ஒன்று என்று வெட்டி வாங்கினால் இன்னொரு விலை. சில நாளில் தூரத்து ஊருக்கு வாங்கிவிட்டுப் பக்கத்து ஊரில் இறங்கினால் லாபம். இதெல்லாம் அவருக்கு உள்ளங்கை ரேகை. கட்டட வேலைக்கு வெளிநாடு போகிற கொத்தனார்கள், எலக்ட்ரீசியன்கள் எல்லாரும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் வாங்குவார்கள். முழு விலை கொடுத்தவனை அவர் இரக்கத்தோடு பார்ப்பார்.

கல்யாணம் முடிந்ததும் மனைவி ட்ராஹாவுக்குக் கடல் பார்க்க வேண்டும். வியன்னாவிலிருந்து இத்தாலியின் கடலோர ஊரான திரியெஸ்தேவுக்குப் போவதாக ஏற்பாடு. போக, வர, நடுவில் இறங்க என்று மூன்று வாரம் விலைகளை மோதவிட்டுப் பார்த்தார். கடைசியில் ரயில் பாஸ் ஜெயித்தது. ஒரு மாதத்துக்குள் நாலு நாள், எந்த நாட்டு ரயிலிலும் ஏறலாம். இருவருக்கும் வாங்கினார். ஒரே ஒரு நிபந்தனை: சொந்த நாட்டுக்குள் அந்த பாஸ் இரண்டே நாள்தான் செல்லும். வெளியே போக ஒரு நாள், உள்ளே வர ஒரு நாள்.

வெந்தலின் அதைப் படித்தார். "உள்ளூரில் ரெண்டு நாள் ஓசி" என்று புரிந்துகொண்டார்.

ட்ராஹா முன்பே மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்; கல்யாணக் கொலாச் வாங்கி வரும் பொறுப்பு அவருடையது. ஒரு வாய்க்குள் அடங்குகிற குட்டி ரொட்டி, நடுவில் தயிர்க்கட்டியும் பிளம் ஜாமும். ஹொதொனினில் இருக்கும் சித்தி கை வைத்தால்தான் அது கொலாச். நேற்று அங்கே போய் இரண்டு பெரிய அட்டைப்பெட்டி நிறைய வாங்கி வந்தார். பணம் கொடுத்த பாஸ் போனுக்குள் சும்மா கிடக்கும்போது ஹொதொனினுக்குத் தனியாக எதற்கு டிக்கெட்? பாஸைத் திறந்து அன்றைய நாளை அழுத்தினார். போனார், வந்தார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இன்று கேட்டார்கள்.

புர்னோவிலிருந்து கிளம்பிய ரயில் பிரெட்ஸ்லாவை நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் கடைசி நிறுத்தம் அது. பரிசோதகப் பெண் அவர் போனை வாங்கிப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள்.

"ஐயா, நீங்க நேத்தே வெளிநாடு போயிட்டீங்க."

"நானா? நேத்து ராத்திரி என் கட்டில்லதாம்மா தூங்கினேன்."

"பாஸ் அப்படிச் சொல்லலையே. வெளியே போறதுக்குன்னு குடுத்த நாளை நேத்து எடுத்தாச்சு. அதனால இப்ப நீங்க வெளிநாட்டுல இருக்கீங்க."

"அப்ப உன் முன்னாடி உக்காந்திருக்கிறது யாரு?"

"டிக்கெட் இல்லாத ஒருத்தர்."

எதிர் இருக்கையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஆள் தாளுக்குப் பின்னால் குலுங்கினான்.

பரிசோதகப் பெண் நல்லவள்தான். "திரும்பி வர்றதுக்குன்னு ஒரு நாள் இருக்கு, அதை இப்ப எடுத்துக்கோங்க" என்றாள். வரும்போது அப்புறம் காசு கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவர் மறுத்தார். "சரி, எல்லை வரைக்கும் உள்ளூர் டிக்கெட் போட்டுக்கோங்க" என்றாள். பாஸுக்கு மேல் ஒரு கொருனா கொடுக்க மாட்டேன் என்றார்.

"அப்ப பிரெட்ஸ்லாவுல இறங்கிடுங்க. இது வரைக்கும் வந்ததை நான் பாக்கல." கொலாச் பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள். அவர் இரண்டு எடுத்துக் கொடுத்தார். தின்றுகொண்டே போய்விட்டாள்.

பிரெட்ஸ்லாவ் கவுண்டரில் எல்லை வரை டிக்கெட் விலை கேட்டார். ஒரு கிளாஸ் பீர் விலைகூட இல்லை. வாங்கியிருக்கலாம். வெந்தலின் வாங்கவில்லை. இரண்டு பேருக்கு பாஸ் வாங்கிய மனிதன் மூன்று கிலோமீட்டர் இருப்புப் பாதைக்குத் தனியாக மொய் எழுதுவதா? எல்லைக்கு அந்தப் பக்கம் முதல் ஸ்டேஷன் பெர்ன்ஹார்ட்ஸ்டால். அங்கே பாஸ் செல்லும். நடந்தால் இரண்டு மணி நேரம். அங்கே ஏறினால் பத்தரைக்கெல்லாம் மகள் வீடு. கணக்கு சரியாக வந்தது. பெட்டிகளை, கூடக் கொண்டுவந்திருந்த சின்னத் தள்ளுவண்டியில் கயிறு போட்டுக் கட்டினார்.

ட்ராஹா போன் செய்தாள்.

"எங்கேய்யா இருக்கே?"

"எல்லைக்குப் பக்கத்துல."

"ரயில் சத்தம் கேக்கலையே. குருவி கத்துது."

சொல்ல வேண்டியதாயிற்று.

"ஒரு பீர் காசுக்கு நாடு விட்டு நாடு நடக்கிறியா? உன்னை நம்பி ஒருத்தி உள்ளே வெள்ளைக் கவுன் போட்டுக்கிட்டு நிக்கிறாய்யா!"

"நேரம் இருக்குடி. உன்னைவிட எனக்குக் கால அட்டவணை தெரியும்."

"அட்டவணை தெரியும், அறிவு?" என்று வைத்துவிட்டாள்.

அவர் கணக்கில் எல்லாம் இருந்தது. ஆற்றங்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த நாலு பேர் மட்டும் இல்லை. கோட்டும் டையும் கட்டி, தள்ளுவண்டி இழுத்துக்கொண்டு வயல் பாதையில் வருகிறவரைக் கண்டதும் ஒருவன் கூவினான்.

"பெரியவரே! அது கல்யாணக் கொலாச் வாசனை இல்ல?"

கல்யாணக் கொலாச்சைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்டவனுக்குக் கொடுக்காமல் போவது மணப்பெண்ணுக்கு ஆகாது. கொடுத்தார். வாங்கித் தின்றவன் மணமக்கள் பெயர் சொல்லிக் குடிக்காமல் இருப்பதும் ஆகாது. பிளம் சாராயப் புட்டி அவர்கள் பைக்குள்ளிருந்து வந்தது. பெண்ணுக்கு ஒரு சுற்று. மாப்பிள்ளைக்கு ஒரு சுற்று.

"மாப்பிள்ளை ஆஸ்திரியாக்காரனா? அப்ப அவனுக்கு ரெண்டு. பாவம், அவனுக்கு யாரு இருக்கா!" என்றான் நீளமீசைக்காரன்.

"ரயிலுக்குப் போகணும்ப்பா."

"பொண்ணோட அம்மாவுக்குக் குடிக்காமலா? அவங்க காதுக்குப் போனா?"

ட்ராஹாவின் காதுக்குப் போகக்கூடாத விஷயங்கள் அன்று ஏற்கனவே நிறைய இருந்தன. குடித்தார்.

அவர் கணக்குப் போட்ட ரயில் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது; பெர்ன்ஹார்ட்ஸ்டால் ஸ்டேஷன் கண்ணில் பட்டபோது அதற்கு அடுத்த ரயில் நின்றுகொண்டிருந்தது. அவர் ஓடினார். அதை ஓட்டம் என்று அவர்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். கால்கள் அதற்குச் சம்மதிக்கவில்லை. நடைமேடையில் ஏறியபோது ரயிலின் முதுகுதான் தெரிந்தது. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. அதில் போனால் மகள் வீட்டுப் படியேறும்போது பன்னிரண்டரை ஆகியிருக்கும்.

இந்தத் தடவை போனில் அபொலேனாவே பேசினாள். திட்டவில்லை. அதுதான் அவரைப் பதறவைத்தது.

"அப்பா, நான் சொன்னது சொன்னதுதான். நீங்க இல்லாம இறங்க மாட்டேன். அடுத்த தேதி எட்டு மாசம் கழிச்சுத்தான் கிடைக்குமாம். அதுக்குள்ள வயித்துல இருக்கிறது வந்து, அதுவே நடந்து கல்யாணத்துக்கு வரும்."

வெந்தலினுக்கு அது புதுச் செய்தி. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு ஆள் வேனில் ஒயின் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். எழுந்து அவனிடம் போனார். பத்து வருடம் ஆஸ்திரியாவில் தரை போட்டிருக்கிறார். ஜெர்மன் பேச்சுக்குக் குறைச்சல் இல்லை.

"அண்ணே, வியன்னாவுக்கா?"

"சாயங்காலம் போவேன்" என்றான். பெயர் எங்கெல்பெர்ட். கழுத்தே இல்லாத ஆள்.

"இப்பவே போக முடியுமா? பன்னிரண்டு மணிக்குப் பொண்ணு கல்யாணம். டீசலுக்குத் தர்றேன்."

எங்கெல்பெர்ட் அவரைப் பார்க்கவில்லை. கோட்டுக்கு வெளியே தெரிந்த கைகளைப் பார்த்தான். விரல் இடுக்கில் ஏறிய வெள்ளைச் சிமெண்ட் சோப்புக்குப் போவதில்லை.

"டைல்ஸ் மேஸ்திரியா?"

"ஆமா."

"எங்க வீட்டுக் குளியலறை மூணு வருஷமா வெறும் சுவரா நிக்குது. எங்க ஊர் மேஸ்திரி ஒரு விலை சொல்றான், எல்லை தாண்டி உங்க ஊர்க்காரன் ஒரு விலை சொல்றான். ஒப்பிட்டுப் பாத்துக்கிட்டே இருக்கேன். பொண்டாட்டி அவ அக்கா வீட்டுல போய்க் குளிக்கிறா."

வெந்தலினுக்கு அந்த ஆளை உடனே பிடித்துவிட்டது. அதே நொடியில் பயமும் வந்தது. தன்னைப்போல் ஒருவனிடம் பேரம் பேச வேண்டியிருக்கிறது.

"தரை மட்டும் போட்டுத் தர்றேன்" என்றார்.

"தரையும் ரெண்டு சுவரும்."

"என்னண்ணே, எம்பது கிலோமீட்டருக்கா?"

எங்கெல்பெர்ட் கடிகாரத்தைப் பார்த்தான். "நீங்க ரயில்ல போற ஆளுதானே? மூணு மாசம் முன்னாடி வாங்கினா மலிவு. வண்டி கிளம்பற நேரத்துல வந்து நின்னா என்ன விலை? இப்ப நாலு சுவரு."

"யோவ்!"

"பேசிக்கிட்டே இருந்தா கூரை வரைக்கும் போகும்."

கூரை வரைக்கும் போயிற்று. கை குலுக்கினார்கள்.

வேன் பறந்தது. பின்னால் ஒயின் புட்டிகள் கிணுகிணுத்தன. வழியில் எங்கெல்பெர்ட் பாதிப் பெட்டி கொலாச்சைக் காலி செய்தான். அது பேரத்தில் இல்லை, ஆனால் கேட்டவனுக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது.

பதினொன்றே முக்காலுக்கு மகளின் வீட்டு வாசலில் இறங்கினார். ட்ராஹா மாடிப்படியில் நின்றிருந்தாள். அவர் வாயை முகர்ந்தாள், பெட்டிக்குள் பார்த்தாள், டையை இழுத்து நேராக்கினாள். இழுத்த இழுப்பில் மூச்சு நின்று வந்தது.

அபொலேனா மண்டியிட்டாள். பக்கத்தில் மாப்பிள்ளை, எதற்கு என்று முழுதாகப் புரியாமலே மண்டியிட்டான். வெந்தலின் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. மகளின் நெற்றியில் சிலுவை போட்டார். விரலில் ஒட்டியிருந்த பிளம் ஜாம் அங்கே கோடாக இழுபட்டது.

"நல்லா இருங்க" என்றார். மணிக்கட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பா, அழாதீங்க. டாக்சி கீழே நிக்குது, மீட்டர் ஓடுது."

"எவ்வளவு ஓடியிருக்கு?" என்று கேட்டார் வெந்தலின். ட்ராஹா அவர் காலை மிதித்தாள்.

கையெழுத்து நேரத்துக்கு நடந்தது. இரண்டு நாள் கழித்து திரியெஸ்தேயில் ட்ராஹா கடலைப் பார்த்தாள். வேலைக்குத் திரும்பியதும் கொத்தனார்கள் கேட்டார்கள், பாஸ் லாபமா என்று. "டிக்கெட்டைவிட லாபம்தான்" என்றார், சிமெண்ட் குழைக்கப் போய்விட்டார்.

பெர்ன்ஹார்ட்ஸ்டாலில் எங்கெல்பெர்ட் வீட்டுக் குளியலறைக்குத் தரையும் நாலு சுவரும் கூரை வரைக்கும், கூலி இல்லாமல், வெந்தலின் டைல்ஸ் ஒட்டிக் கொடுக்க வேண்டியது இன்னும் பாக்கி.