வித்யாவின் இரண்டு பக்கெட்

எங்கள் வீட்டுக் குழாயில் காலை ஏழரை வாக்கில் தண்ணீர் நின்றுவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நிற்பதில்லை. நன்றாகக் கொட்டிக்கொண்டிருக்கும்போதே இரண்டு முறை இருமும், காற்று வரும், அவ்வளவுதான். அதே நேரத்தில் எதிர்வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும். மாடியில் வித்யா வீட்டு வாஷிங் மெஷின் ஓடும். கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நான்கு வீடுகளுக்கும் மொட்டைமாடியில் ஒரே தொட்டி. அதில் தண்ணீர் இல்லையென்றால் யாருக்கும் வரக்கூடாது. இருந்தால் எல்லாருக்கும் வரவேண்டும். எங்களுக்கு மட்டும் ஏன் வரவில்லை?

நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறேன். ஆனால் கையில் ஒரு ஸ்பானர் கிடைத்தால் எதையும் திறந்து பார்க்காமல் இருக்கமாட்டேன். புதிய தொட்டி வைத்த சில வாரங்களில் இந்தத் தொல்லை தொடங்கியதும், முதலில் வாஷரை மாற்றினேன். பிறகு வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். எதுவும் உதவவில்லை. குழாயில் அடைப்பு என்றால் நாள் முழுக்க ஒல்லியாக வந்திருக்கும். இப்படிச் சட்டென்று நிற்பது, தொட்டியில் நீர்மட்டம் குழாயின் வாய்க்குக் கீழே இறங்கும்போது நடப்பது. ஆனால் மாடியேறிப் பார்த்தால் தொட்டியின் அடியில் நான்கு வீட்டுக் குழாய்களும் ஒரே உயரத்தில் வரிசையாக இருந்தன. மூடியைத் திறந்தும் பார்த்தேன். கல்லூரி விட்டு வந்த பிறகு பார்ப்பேன். அப்போது தொட்டி நிறைந்திருக்கும். கறுப்புத் தொட்டிக்குள் கறுப்பாகத் தண்ணீரும் அதில் என் முகமும்தான் தெரியும்.

வித்யாதான் எங்கள் அசோசியேஷன் செயலாளர். மோட்டார் பெட்டியின் சாவி அவளிடம். போன் செய்து மோட்டாரைப் போடச் சொன்னால், "டேங்க்ல தண்ணி இருக்கே ஜோ, இப்பப் போட்டா வழியும்" என்பாள். மற்ற வீடுகளில் தண்ணீர் வந்துகொண்டிருந்ததால் நானும் நம்பிவிடுவேன். பிறகு அவளே இரண்டு பக்கெட் நிறைய தண்ணீரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வருவாள். இடுப்பு வலிக்காரி. "ஏண்டி நீ தூக்கிட்டு வர?" என்றால், "நீ காலேஜுக்கு அழுக்கா போனா உன் ஸ்டூடண்ட்ஸ் என்னைத்தான் திட்டுவாங்க" என்பாள். நான் எதைப் பற்றி விளக்கினாலும் கொட்டாவி விடாமல் கேட்கும் ஒரே ஆள் அவள். என் கணவர் ஃபிரெடிகூட மூன்றாவது நிமிடத்தில் போனை எடுத்துவிடுவார்.

அந்த வாரம் வகுப்பில் முரண்நகை நடத்தினேன். எடுத்துக்காட்டாக பீர்க்கன்கரணையில் இருக்கும் எங்கள் வீட்டையே சொன்னேன். வாசலைத் தாண்டினால் ஏரி, குழாயில் தண்ணீர் இல்லை.

"மேம், அது முரண்நகை இல்ல, பீர்க்கன்கரணை" என்றான் ஜெஃப்ரி. எல்லாரும் சிரித்தார்கள்.

அவன் சொன்னது சரிதான். ஏரி எனக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. பக்கத்தில் இருப்பது கிடைக்காமல் போவது வெறும் கஷ்டம். முரண்நகைக்கு ஒரு கை வேண்டும். ஒருவர் ஒன்றை நினைத்துச் செய்கிறார், அது திரும்பி வந்து அவரையே பிடிக்கிறது. நாடகத்தில் இன்னொன்றும் சேரும்: கீழே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும், மேடையில் நிற்பவருக்கு மட்டும் தெரியாது.

"கீழ இருக்கிறவங்க கத்திச் சொல்லிடலாம்ல மேம்?"

"டிக்கெட் வாங்கியிருக்காங்கப்பா. எதுக்குச் சொல்லுவாங்க?" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

மறுநாள் எனக்கு முதல் வகுப்பு இல்லை. குழாய் இருமியதும் நேராக மொட்டைமாடிக்கு ஓடினேன். தண்ணீர் நிற்கும் அதே நேரத்தில் ஒருநாளும் நான் தொட்டிக்குள் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஏணியில் ஏறி மூடியைத் திறந்து செல்போன் வெளிச்சத்தை அடித்தேன். ஓரடி ஆழத்துக்குத் தண்ணீர் இருந்தது. அதன் நடுவே வெள்ளைக் குழாய்த் துண்டு ஒன்று செங்குத்தாக நின்றது. அதன் வாய் தண்ணீருக்குச் சற்று மேலே திறந்திருந்தது. அடியில் குழாயை மேல்நோக்கித் திருப்பும் ஒரு எல்போ; அது திருகப்பட்டிருந்தது எங்கள் வீட்டுக் குழாயின் வாயில்.

வெளியே நான்கும் ஒரே உயரம். உள்ளே எங்களுடையது மட்டும் ஓரடி உயரம். மட்டம் அந்த ஓரடிக்கு வந்ததும் எங்களுக்கு நின்றுவிடும். மீதித் தண்ணீர் மற்ற மூன்று வீட்டுக்கு.

எதிர்வீட்டு சத்யநாராயணன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "இன்னிக்குத்தான் பார்க்கிறீங்களா மேடம்?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

"எல்லாருக்கும் தெரியுமே." கையிலிருந்த பனியனை உதறாமல் அப்படியே பிடித்துக்கொண்டார். "டேங்க் மாத்தினப்பவே சொன்னாங்க. நீங்க ரெண்டே பேர், உங்களுக்குக் கம்மியா போதும்னு நீங்களே சொன்னதா ஸ்ரீவித்யா மேடம் சொன்னாங்க. பெரிய மனசுன்னு நாங்ககூட பேசிக்கிட்டோம்."

"நான் வாஷர் மாத்துறதைப் பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன். ஒருவேளை தெரியாதோன்னு அப்ப ஒரு சந்தேகம் வந்துச்சு." பனியனைக் கொடியில் போட்டார். "நமக்கெதுக்குன்னு இருந்துட்டேன்."

கோடையில் பழைய சிமெண்ட் தொட்டி விரிசல் விட்டபோது, வித்யா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவையும் இரண்டு ஸ்ட்ராக்களையும் வைத்து, தொட்டி வேலைசெய்யும் விதத்தை நான்தான் அவளுக்குச் செய்து காட்டினேன். கழுத்து வளையும் ஸ்ட்ரா. டப்பாவில் ஓட்டைபோட்டு, ஒன்றை நேராகச் செருகினேன். இன்னொன்றை உள்ளே மேல்நோக்கி வளைத்து நிறுத்தினேன். "பாரு, வெளியில ரெண்டும் ஒண்ணுதான். ஆனா இதுல முதல்ல நின்னுடும். மிச்சம் அந்தப் பக்கத்துக்கு." அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். இரண்டாம் முறை செய்து காட்டச் சொன்னாள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இறங்கி வரும்போது படியில் வித்யா இரண்டு பக்கெட்டோடு நின்றாள்.

"உள்ள எல்போ போட்டிருக்கு, வித்யா."

பக்கெட்டுகளைச் சிந்தாமல் கீழே வைத்தாள். "மேல போயிட்டியா."

"ம்."

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீ வாஷர் மாத்தின அன்னிக்கே. ஆனா நீ ஸ்பானரும் கையுமா அவ்ளோ குஷியா இருந்த. அப்புறம் எப்படிச் சொல்றது?"

"நான் ஒத்துக்கிட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்க."

"எம்பொண்ணு நைட் ஷிஃப்ட் முடிச்சு சிறுசேரியிலேர்ந்து வந்து நிக்கிறப்பதான் தண்ணி தீருது. நாங்க அஞ்சு பேர், ஜோ. ஆள் கம்மியா இருக்கிற வீட்டுக்கு உயரமா வெச்சா யாருக்கும் நஷ்டமில்லன்னு நீதானே சொன்ன?"

"அது ஸ்ட்ரா. உதாரணத்துக்குச் சொன்னேன்."

"உதாரணம் நல்லா புரிஞ்சுது."

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"என்கிட்ட கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பேன்" என்றேன்.

"தெரியும். அதனாலதான் கேட்டாச்சுன்னு சொன்னேன்."

பக்கெட்டுகளைப் படியிலேயே விட்டுவிட்டு மேலே போனாள். எனக்குக் கல்லூரிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரில்தான் குளித்தேன். எங்கள் பங்கைத்தான் அவள் தினமும் இடுப்பு வலியோடு தூக்கிவந்தாள், நான் தினமும் நன்றி சொன்னேன். புத்தகத்தில் இப்படி ஓர் இடம் வந்தால் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு ரசிப்பேன். சோப்புக் கண்ணோடு குவளையைத் தேடும்போது அதில் ரசிக்க எதுவுமில்லை. கீழே உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் டிக்கெட்கூட வாங்கியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிளம்பர் முனிரத்தினத்தை வரவழைத்தேன். "இன்னா மேடம், நீங்கதான் வெக்கச் சொன்னதா சொன்னாங்கோ. இப்போ நீங்களே கழட்டச் சொல்றீங்கோ" என்று அலுத்துக்கொண்டே தொட்டிக்குள் இறங்கினார். வித்யா வரவில்லை. மோட்டார் சாவியை மட்டும் சத்யநாராயணனிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். அதை மாடிப்படிக்கு அடியில், நான்கு வீட்டுக்காரர்களும் எடுக்கும்படி ஓர் ஆணியில் மாட்டினேன்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். உள்ளே இருக்கும் எல்போவையும் குழாய்த் துண்டையும் திருகிக் கழற்றிவிட வேண்டும். அப்போது நான்கு வாய்களும் உள்ளேயும் ஒரே உயரத்தில் இருக்கும். தண்ணீர் தீர்ந்தால் நான்கு வீட்டுக்கும் சேர்ந்தே தீரும். ஒரு வீட்டில் மட்டும் நின்றால் அது அந்த வீட்டுக் குழாயின் கோளாறு. நான்கு வீட்டிலும் நின்றால் யாராவது ஒருவர் ஓடிப்போய் மோட்டாரைப் போட்டுவிடுவார்.