கனெக்‌ஷன் கொடுக்கும் கை

துர்கா எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் சேர்ந்து இரண்டு வருடம் முடிந்தும், ஒரு மோட்டாரைத் தன் கையால் ஓடவிட்டதில்லை. கல்லூரி லேபில் ஆறு பேருக்கு ஒரு மோட்டார். ராஜீவும் மற்ற பையன்களும் ஒயர் மாட்டுவார்கள். துர்கா மீட்டரைப் பார்த்து எண்களை எழுதுவாள்.

"இன்னிக்கு நான் கனெக்‌ஷன் குடுக்கட்டா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"டைம் ஆயிடுச்சு துர்கா. அடுத்த வாட்டி" என்றான் ராஜீவ். கெட்டவன் இல்லை. ஆனால் அந்த அடுத்த வாட்டி வரவேயில்லை. திருத்தணிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இல்லாத ஒயரை விரல்களால் முறுக்கிக்கொண்டே வருவாள்.

2003 மே விடுமுறை. அவள் அம்மா பூவம்மாள் அம்மையார்குப்பத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் சாப்பாடு கொடுக்கத் துர்கா போனபோது ஒரு தறி நின்றிருந்தது. சுவிட்சைப் போட்டால் மோட்டார் உறுமியது, சுற்றவில்லை.

"எலக்ட்ரீசியன் பொதட்டூர்பேட்டைல மாட்டிகினு இருக்கான். ரெண்டு நாள் ஆவுமாம்" என்றார் கூடத்துக்காரர் பரந்தாமன்.

"அண்ணா, நான் பாக்கட்டுங்களா?"

அவர் பூவம்மாளைப் பார்த்தார். "இதத்தான் படிக்குது. பாக்கட்டுங்க" என்றாள் அவள், பயத்தை மறைத்துக்கொண்டு.

மோட்டாருக்கு வரவேண்டிய மூன்று ஃபேஸ் கரண்டில் ஒன்று வரவில்லை என்று துர்காவுக்குத் தெரிந்துவிட்டது. பரீட்சையில் அதற்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள். ஆனால் ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடி எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியவில்லை. மெயினை அணைத்து ஃபியூஸைப் பிடுங்கித் தன்னிடமே வைத்துக்கொண்டாள். ஸ்க்ரூ டிரைவர் இரண்டு முறை வழுக்கி, கட்டைவிரல் தோல் உரிந்தது.

மூடி திறந்தது. உள்ளே ஒரு ஒயரின் முனை கருகிக் கழன்றிருந்தது. அவ்வளவுதான். கருகியதை வெட்டி, புது முனை சீவி முறுக்கி இறுக்கினாள். ஆசை அடங்காமல் மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயர்களையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினாள். தறியின் பெல்ட்டை எடுத்துவிட்டு, ஃபியூஸைச் செருகி மெயினைப் போட்டாள்.

மோட்டார் சுற்றியது.

"ஏ துர்கா, இது எதிர்ப்பக்கமா சுத்துதுடி!" என்று கத்தினாள் அம்மா.

கூடமே சிரித்தது. துர்காவும் சிரித்துவிட்டாள். மெயினை அணைத்து, மாட்டும்போது மாறிப்போயிருந்த இரண்டு ஒயர்களை இடம் மாற்றினாள். இந்த முறை சரியாகச் சுற்றியது. பெல்ட் ஏறியது, தறி ஓடியது. அடுத்த தறி எப்போது பழுதாகும் என்று மனசு ஏங்க ஆரம்பித்தது. அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டாள்.

கல்லூரி திறந்ததும் லேப் உதவியாளர் மணியம்மையிடம் போனாள். "மேடம், மூலைல ஒரு பழைய மோட்டார் கெடக்குதே, அத முழுசா பிரிச்சு மாட்டிப் பாக்கணும். சனிக்கிழமை லேப் தொறப்பீங்களா?"

"தனியாவா?"

"எங்க கிளாஸ் வரலட்சுமியும் வரா. அவளும் தொட்டதே இல்ல."

"ஹெச்.ஓ.டி. கிட்ட எழுதி வாங்கிகினு வா."

துறைத் தலைவர் எழுதிக் கொடுத்துவிட்டார். அன்று செவ்வாய்க்கிழமை. புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று முழு நாட்கள் இன்னும் பாக்கி இருந்தன. பூட்டிய லேபின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தூசி படிந்த அந்த மோட்டாரைப் பார்த்தபடி நின்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று வரலட்சுமி வந்து கையைப் பிடித்து இழுக்கவேண்டியிருந்தது.