வெயிலில் சொல்ல வேண்டிய கதை

ஜெராக்ஸ் அக்கா வாரம் முழுக்க வாயைத் திறக்க மாட்டாள். கடையில் மெஷின் போடுகிற சத்தமே போதும் என்று இருந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அத்தனை நாள் பாக்கியையும் சேர்த்துப் பேசித் தீர்ப்பாள். தன் கடை வாசலில் கூடுகிறவர்களை அழைத்துக்கொண்டு தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, அந்தத் தெரு வந்த வரலாற்றைச் சொல்வாள்.

சொல்வதற்கா பஞ்சம்? கீழே கடை, மேலே குடித்தனம் என்று கட்டிய தெரு அது. ரொட்டிக்கடைக்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டே படியிறங்கினால், அதை முடிப்பதற்குள் வேலைக்கு வந்து சேர்ந்துவிடுவார். பல் டாக்டரிடம் யாராவது அலறினால், மேல்வீட்டில் அவர் மனைவி அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு, இன்றைக்குச் சாப்பிட நேரமாகும் என்று புரிந்துகொள்வாள். நகலெடுக்க வந்தவன் அப்படியே முடிவெட்டி, மருந்து வாங்கி, வக்கீலிடம் நாலு திட்டும் வாங்கிக்கொண்டு போகலாம். எதற்கும் வண்டி வேண்டாம். அந்தத் தெருவில் வண்டி வைத்திருப்பவனைச் சோம்பேறி என்றுதான் நினைத்தார்கள்.

அக்காவின் கதையில் எல்லோரும் வாயைப் பிளந்து கேட்கும் இடம், அவள் கடைக்கு நேர் எதிரே இருந்த சாவிக்கடை. வாசலில் அகலமாகத் துணிப்பந்தல் இழுத்துவிட்டிருப்பான் கடைக்காரன். அந்த நிழலில் ஆட்களை நிறுத்திக்கொண்டு அவள் ஆரம்பிப்பாள். நாற்பது வருஷத்துக்கு முன்னால், இந்தத் தெருவை இடித்துவிட்டு அகலச் சாலை போடப் பார்த்தார்கள். இடிக்கிற வண்டி வந்து நின்ற காலையில், ஒருவர் தன் வேலைச் சாமான்களை நடுரோட்டில் கொண்டுவந்து வைத்து, எதுவுமே நடக்காத மாதிரி வேலை பார்க்க உட்கார்ந்தார். “கையில வேலை இருக்கு, முடியட்டும்” என்றார். அதைப் பார்த்து முடிதிருத்துபவர் நாற்காலியோடு வந்தார். வக்கீல் மேஜையோடு வந்தார். பல் டாக்டர், வாயைத் திறந்தபடி இருந்த நோயாளியோடு வந்தார். தெருவே ரோட்டில் பிழைப்பு நடத்தியது. கடைசியில் வண்டிதான் திரும்பிப் போனது.

“அப்படி மொதல்ல வந்து உக்காந்தவரு யாரு தெரியுமா? இதோ, இந்தத் தம்பியோட அப்பா!”

கைதட்டல் எழும். சாவிக்கடைக்காரன் கூச்சத்தில் நெளிந்துகொண்டே எல்லோருக்கும் தண்ணீர் கொடுப்பான். கதையில் எல்லாம் உண்மைதான், அந்தக் கடைசி வரியைத் தவிர.

முதலில் வந்து உட்கார்ந்தவள் டெய்லர் அத்தை. ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இன்றைக்கும் இருக்கிறாள். அந்தக் காலையை நேரில் பார்த்தவர்களில் அவளும் அக்காவும்தான் இப்போது தெருவில் மிச்சம். இரும்புக் கால் வைத்த தையல் மெஷினை ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் அக்காவின் அம்மாவும் பிடித்து இறக்கினார்கள். சின்னப் பெண்ணாக இருந்த அக்கா நூல்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். படி திரும்பும் இடத்தில் மெஷின் சாய்ந்து அம்மாவின் கட்டைவிரலை நசுக்கிவிட்டது. நகம் கறுத்து விழுந்து, கோணலாக முளைத்தது. சாகும்வரை அம்மா அந்த விரலை நீட்டி நீட்டிப் பெருமையடித்தாள்: “தெருவைக் காப்பாத்துன நகம்டி இது.”

சாவிக்கடைக்காரனின் அப்பாவோ அன்று விடிந்ததும் கடையைப் பூட்டிவிட்டு, கைக்குழந்தையோடும் மனைவியோடும் மச்சான் வீட்டுக்கு நழுவிவிட்டார். ஆரவாரமெல்லாம் அடங்கிய பிறகுதான் திரும்பி வந்தார்.

ஏன் மாற்றிச் சொன்னாள் என்று யாராவது கேட்டிருந்தால் நிழலைக் காட்டியிருப்பாள். இந்தப் பக்கம் மண்டையைப் பிளக்கும் வெயில், அந்தப் பக்கம் பந்தல், தண்ணீர். ஆனால் அவளுக்கே தெரியும், நிழல் ஒரு சாக்கு. முதன்முதலாக மாற்றிச் சொன்ன வாரத்தில், அத்தை மாடியில் காயப்போட்ட துணி சொட்டி ஒரு கட்டு நகல் பாழாகியிருந்தது. கேட்கப் போனவளை, “வானத்துக்கும் சேத்தா நீ வாடகை குடுக்குற?” என்று அத்தை ஒரே வாக்கியத்தில் மூக்குடைத்து அனுப்பினாள். பேச்சு நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தையின் பெயரைச் சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. எதிரே சாவிக்கடைக்காரன் நின்றான், அவன் அப்பா பெயர் வந்தது. கோபம் என்னவோ சீக்கிரமே ஆறிவிட்டது. கதைக்குக் கைதட்டல் பழகிவிட்டது.

இப்போது கடைக்காரர் சங்கம் சாவிக்கடைச் சுவரில் இறந்துபோன அந்த அப்பாவின் பெயரைப் பொறித்துப் பித்தளைப் பலகை வைக்கப்போகிறது. வருகிற ஞாயிறு திறப்பு. அதைக் கேட்டதிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. கொஞ்ச நாளாக மேலே தையல் மெஷின் ஓடும் சத்தமே இல்லை.

படியேறிப் போனாள்.

“யாரு, கீழ்க்கடைக்காரியா? துணி சொட்டுதா?” என்றாள் டெய்லர் அத்தை, ஜன்னலோரத்து நாற்காலியில் இருந்தபடியே.

“அதெல்லாம் இல்ல அத்தை. மெஷினை ஏன் போர்வை போட்டு மூடி வெச்சிருக்கீங்க?”

“விட்டுட்டேன். எனக்கு ஞாபகம் தப்புதுடி.”

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? வாராவாரம் நீ பேசறது இங்க நல்லாக் கேக்குது. நான் என்னடான்னா, நான்தான் மொதல்ல போய் உக்காந்தேன்னு இத்தனை வருஷமா நெனச்சிட்டு இருந்திருக்கேன். மொதல்ல உன்மேல ஆத்திரமா வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். கூடவே ஓடி வந்த பொண்ணு நீ, உனக்குத் தெரியாதா? ஊரே கைதட்டுது, எனக்கு மட்டும் வேற மாதிரி தோணுதுன்னா கோளாறு என் தலையிலதான்.” அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “வாங்கி வெச்சிருந்த துணியை எல்லாம் திருப்பிக் குடுத்துட்டேன். அளவு மறந்து யாரு துணியையாவது பாழாக்கிட்டா?”

அக்கா ஒரு பெயரை மட்டும் எடுத்துவிட்டதாக நினைத்திருந்தாள். கிழவியைத் தன்னைத்தானே நம்பாமல் போகும்படி செய்திருக்கிறாள். தன்னை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

“உங்க தலையில ஒண்ணும் கோளாறு இல்ல அத்தை. நீங்கதான் உக்காந்தீங்க. நான்தான் மாத்திச் சொன்னேன், கோவத்துல.”

அத்தை கத்துவாள் என்று எதிர்பார்த்தாள் அக்கா. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“துணி சொட்டுனதுக்காடி?”

“ஆமா அத்தை.”

“நாலு பேரு முன்னாடி சொன்னதை நாலு பேரு முன்னாடியே மாத்திச் சொல்லு” என்றாள் அத்தை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். எதிர்ப்பக்கம் துணி போட்டு மறைத்த பலகைக்குப் பக்கத்தில், புதுச் சட்டையில் சாவிக்கடைக்காரன் நின்றுகொண்டிருந்தான். பந்தலுக்கு நகரப் பார்த்தவர்களைத் தடுத்து, அக்கா தன் கடை வாசலிலேயே வெயிலில் நிறுத்தினாள். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்திருந்த அத்தையை நாற்காலியில் உட்காரவைத்தாள். பிறகு, நடுரோட்டில் முதலில் மெஷினைப் போட்டு உட்கார்ந்தது இந்த அத்தைதான் என்று சொன்னாள். தான் பொய் சொன்னதையும் விடவில்லை. யாரும் கைதட்டவில்லை.

சாவிக்கடைக்காரன் ரோட்டைத் தாண்டி வந்தான். அடித்துவிடுவான் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

“அப்ப எங்கப்பா அன்னிக்கு எங்க இருந்தாரு அக்கா?” என்று கேட்டான். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. மச்சான் வீட்டில் இருந்தார் என்று இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது?

“உங்கப்பாவா?” என்றாள் டெய்லர் அத்தை. “ஏம்ப்பா, ரெண்டு மாடி அந்த இரும்பு மெஷினை நான் ஒருத்தியாவா எறக்கியிருப்பேன்? மறுபக்கம் புடிச்சவரே அவருதான். திருப்பத்துல சாஞ்சு கட்டைவிரலை நசுக்கிடுச்சு, பாவம். வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல மனுஷன்.”

அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். கிழவியின் ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை. மாடி சரி, திருப்பம் சரி, விரலும் சரி. ஆள் மட்டும்தான் வேறு.

“ஆமா!” சாவிக்கடைக்காரனின் முகம் மலர்ந்தது. “அவர் கட்டைவிரல்ல தழும்பு இருக்கும், நான் பாத்திருக்கேன்!” சாவி ராவுகிற கையில் எந்த விரலில்தான் தழும்பு இருக்காது? அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கூட்டத்தில் யாரோ கைதட்ட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

‘அது எங்கம்மா’ என்ற வார்த்தை அக்காவுக்குப் பல்லிடுக்கு வரை வந்துவிட்டது. நெஞ்சு பற்றி எரிந்தது. வாராவாரம் அந்த ஜன்னலோரத்தில் இருந்தவளுக்கும் இப்படித்தான் எரிந்திருக்கும்.

டெய்லர் அத்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி முழிக்கிற? கூடவே இருந்தவ நீதானே. நான் சொன்னது சரிதானே?”

அம்மாவின் கோணல் நகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

“சரிதான் அத்தை” என்று சொல்லி, ஜெராக்ஸ் அக்காவும் கைதட்டினாள்.