பெரியவர் காதில் விழும்வரை

"வெங்காயத்த அரி," என்று செர்வாவின் கையில் கத்தியைத் திணித்தாள் அம்மா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த செர்வா செருப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. "கண்ணு கலங்குனா வெங்காயம்னு சொல்லிக்கலாம். சத்தம் மட்டும் வரக் கூடாது. பக்கத்து வீட்ல ஆளு இருக்கு."

போவாஹென் மாமா அன்று காலை பல்கலைக்கழகத்தில் செத்துப் போயிருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. ஆப்பிரிக்க ஆய்வு மையத்தில் மாணவர்களுக்கான வேலைவாய்ப்பு முகாமுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர், அதில் ஒன்றில் தானே உட்கார்ந்து அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை. உடம்பைப் பிணவறையில் ஒப்படைத்துவிட்டு செர்வா நேராக வீட்டுக்கு வந்திருந்தாள்.

ஆனால் வீட்டில் மாமா இன்னும் சாகவில்லை. சொந்த ஊரான மாம்போங்கிலிருந்து அமோவா தாத்தா வர வேண்டும். அம்மாவுக்கும் மாமாவுக்கும் தாய்மாமன் அவர். தாய்வழிக் குடும்பத்துக்கே தலைவர். அவர் வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, குடும்பத்து ஆண்கள் இருவர் ஷ்னாப்ஸ் சாராய பாட்டிலை அவர் முன்னால் வைத்து முறையாகச் சொல்லி, அவர் காதில் விழுந்த பிறகுதான் அது சாவு. அதுவரை அழக் கூடாது. அடுப்பு எரிய வேண்டும். யார் கேட்டாலும் உடம்பு முடியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். போனிலும் சொல்லக் கூடாது. 'ஒரு விஷயம் பேசணும், கெளம்பி வாங்க மாமா' என்று மட்டும் அம்மா கூப்பிட்டிருந்தாள். அவருக்குப் புரிந்திருக்கும். ஆனால் புரிந்துகொள்வது வேறு, முறையாகக் கேட்பது வேறு.

முறைப்படி சொல்ல வேண்டிய இருவர், ஒன்றுவிட்ட ட்வாமெனா மாமாவும் இன்னொரு பெரியவரும், பாட்டிலோடு உள்ளறையில் காத்திருந்தார்கள். அவர்கள் பாடு தேவலை, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அம்மாவுக்கு அந்த வசதி இல்லை. முற்றத்தில் நாலு பேர் பார்க்க வாழைக்காய் உரித்தாள், மரவள்ளியை வேகவைத்தாள், இரண்டையும் சேர்த்து ஃபுஃபு களி இடித்தாள். மீன்காரி வந்து விலை சொன்னபோது பேரம் பேசினாள். மீன்காரி ஏதோ கிண்டலாகச் சொல்ல, சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் செர்வாவுக்குப் பயம் வந்தது. அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு. கூடப் பிறந்தவனைப் பறிகொடுத்தவள் வாய்விட்டு அழாமல் இப்படியே சாயங்காலம் வரை இருந்தால் அவளும் விழுந்துவிடுவாள். தாத்தா சீக்கிரம் வந்து சேர வேண்டும், அம்மா அழுது தீர்க்க வேண்டும். செர்வாவுக்கு அன்று வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் போனில் மணி அடித்தது. மையத்திலிருந்து வாராவாரம் வருகிற செய்திமடல். இந்த வாரம் யார் பேசுகிறார்கள், எந்தக் கூடத்தில், எங்கே என்ன வேலை காலி, எதற்கு உதவித்தொகை என்று மாமாதான் அதைத் தொகுத்து மாணவர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் அனுப்புவார். அதைப் பார்த்து மனுப் போட்டுத்தான் ஒருத்தன் ஜெனீவாவில் உட்கார்ந்திருக்கிறான், ஒருத்தி நைரோபியில் அதிகாரி. ஊர் உலகத்துக்கெல்லாம் வேலை தேடிக் கொடுத்த மனுஷன், தான் மட்டும் இருபது வருஷத்துக்கு மேலாக வருஷ ஒப்பந்தத்திலேயே இருந்தார். ஒவ்வொரு செப்டம்பரிலும் கையெழுத்துக்காக இயக்குநர் அறை வாசலில் போய் நிற்பார். அடுத்த வருஷம் நிரந்தரம் என்பார்கள். வீட்டுக்கு வந்து அதை அம்மாவிடம் சொல்லும்போது, அதை நம்புகிற முகத்தை வைத்துக்கொள்வார்.

இந்த வாரச் செய்திமடலும் மாமாவின் பெயரில், மாமாவின் விலாசத்திலிருந்தே வந்திருந்தது. மேலே அவருடைய போட்டோ. மறைந்த நண்பருக்கு அஞ்சலி, இன்று பிற்பகல். வெளிநாட்டு விருந்தினர்களும் கலந்துகொள்ளலாம், பேருந்து வசதி உண்டு. கீழே, வேலைவாய்ப்புப் பகுதியில் முதல் வரி: நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர், ஒரு வருட ஒப்பந்தம், வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பிக்கவும்.

செர்வா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். உடம்பு பிணவறையில் குளிர்வதற்குள் நாற்காலியை ஏலம் போட்டுவிட்டார்கள். அதைவிட மோசம், குடும்பத் தலைவருக்குச் சொல்லுமுன் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்கள். விஷயம் தெரியாதவர்கள் என்றால் போகட்டும் என்று விடலாம். இவர்கள் அந்த வாரம் பூராவும் நடத்திக்கொண்டிருந்த மாநாடே ஆப்பிரிக்கச் சாவுச் சடங்குகளைப் பற்றியது. விமானச் சீட்டிலிருந்து சாப்பாட்டு டோக்கன் வரை மாமா அலைந்து ஏற்பாடு பண்ணிய மாநாடு.

அவள் இயக்குநரைப் போனில் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிடும்போது தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது.

பல்கலைக்கழகப் பேருந்துகள் இரண்டு வந்து நின்றன. சிவப்பும் கறுப்புமாகத் துக்கத் துணி போர்த்தியவர்கள் திமுதிமுவென்று இறங்கினார்கள். மாநாட்டின் கலைவிழாவுக்காக வாங்கி வைத்திருந்த துணி. பாதிப் பேர் தோளில் விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. வெள்ளைக்காரர்கள் நாலைந்து பேர். அதில் ஒரு பெண் தோளில் கேமராவை வைத்துக்கொண்டே இறங்கினாள். மையத்து மேளக்குழு சாவுக்கொட்டு கொட்டிக்கொண்டு வர, அதன் முன்னால் இயக்குநர் பேராசிரியர் லார்ட்டே கைகளை விரித்துக்கொண்டு வந்தார். அக்கம்பக்கத்து ஜன்னலெல்லாம் திறந்தன.

அம்மா கரண்டியோடு வாசலுக்குப் போனாள்.

"அக்கா," என்று லார்ட்டே தழுதழுத்தார். "எங்க போவாஹென் எங்கள விட்டு…"

"போவாஹெனுக்கு என்ன?" என்றாள் அம்மா.

தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. மேளக்குழுவில் மூத்தவர் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் குச்சியை அக்குளில் செருகிக்கொண்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அந்த மனிதருக்கு விளங்கியது, லார்ட்டேவுக்கு விளங்கவில்லை. அவர் கேமராப் பெண்ணின் பக்கம் திரும்பி, சாவை ஒப்புக்கொள்ளாமல் மறுப்பது இந்த மக்களின் பழைய சடங்கு, நாம் கொடுத்துவைத்தவர்கள், இன்று நேரிலேயே பார்க்கிறோம் என்று சந்தோஷமாக விளக்கினார். கேமரா அம்மாவின் முகத்துக்கு நெருங்கியது. அம்மா அசையவில்லை.

செர்வாவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. கேமராவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் போய் நின்றாள். "சார், பெரியவரு இன்னும் வரல. எல்லாரையும் பஸ்ஸுல ஏத்துங்க."

லார்ட்டேவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் பேராசிரியர் அல்லவா, சட்டென்று இறங்கி வர முடியவில்லை. "எனக்குத் தெரியாதா செர்வா? அதப் பத்தி ஒரு அத்தியாயமே எழுதிருக்கேன். ஆனா டவுன்ல இப்பல்லாம் யாரும்மா இதப் பாக்குறா?"

அந்தப் புத்தகம் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. மாமா ராத்திரி ராத்திரியாகப் பிழை திருத்திக் கொடுத்தது. அதில் இது முன்காலத்தில் இருந்த வழக்கம் என்று போட்டிருந்தது. இப்பவும் இருக்கு சார் என்று மாமா சொல்லிப் பார்த்தார். இயக்குநர் மாற்றவில்லை.

செர்வா அதையெல்லாம் வாயில் வைத்துக்கொண்டு நின்றதை அவர் துக்கம் என்று எடுத்துக்கொண்டார். அவளை ஓரமாகக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "நீ கவலைப்படாத. எம்.ஏ. முடிச்சிருக்க, அந்த எடம் உனக்குத்தான். வெள்ளிக்கெழமைக்குள்ள ஒரு மனு மட்டும் போட்டுடு. இப்போதைக்கு ஒரு வருஷ கான்ட்ராக்ட். அப்பறம் பாத்துக்கலாம்."

அவள் படிப்பு முடித்து இரண்டு வருஷமாக வேலையில்லாமல் இருந்தாள் என்பது அவருக்குத் தெரியும். மாமாவே அவரிடம் சொல்லியிருப்பார், கூச்சப்பட்டுக்கொண்டு.

இப்போதைக்கு, இப்போதைக்கு என்று சொல்லியே ஒரு ஆளை நாற்காலி தூக்கவைத்துக் கொன்றுபோட்டீர்களே என்று தொண்டை வரை வந்துவிட்டது. கூச்சல் போட்டு, அவர் போர்த்தியிருந்த துணியைப் பிடித்து உலுக்கி, தெரு பார்க்கக் கேட்டிருப்பாள். கேட்க முடியவில்லை. கேட்டால் மாமா செத்தார் என்று அவள் வாயாலேயே சொன்னதாகிவிடும். அம்மா காலையிலிருந்து பல்லைக் கடித்துக் காப்பாற்றி வைத்திருந்ததை அவளே போட்டு உடைத்ததாகிவிடும். ஒரு மனுஷிக்குக் கோபப்படக்கூட வழியில்லாமல் செய்துவிட்டார்கள் பாவிகள்.

"எந்த எடம் சார்?" என்றாள். "அது காலியா இல்லையே. மாமா இருக்காருல்ல? அவரு எடத்துக்கு நான் எதுக்கு மனு போடணும்?"

லார்ட்டே அவளை உற்றுப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் டாக்சி வந்தது. பேருந்துகள் வழியை அடைத்திருந்ததால் தள்ளியே நின்றது. பின் இருக்கையில் அமோவா தாத்தா. வெள்ளைத் துணி போர்த்தி, கைத்தடியை முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சிவப்பும் கறுப்புமாகத் தெருவில் நின்றவர்களைப் பார்த்தார். மேளங்களைப் பார்த்தார். பேருந்தின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதத்தில் மாமாவின் படம் இருந்தது. அதையும் பார்த்தார். கதவைத் திறந்துவிட ஓடிய ட்வாமெனா மாமாவிடம், வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

செர்வாவுக்குப் புரிந்தது. அவர் இறங்கினால், தெருவும் வெளியாரும் சொன்ன பிறகு குடும்பம் சொல்லக் கேட்டதாக ஆகும். அந்த அவமானத்தோடு மாமாவைக் குடும்பத்துக் கல்லறையில் வைக்க அவர் சம்மதிக்கமாட்டார். மாம்போங்கில் ஒருத்தர் விஷயத்தில் அப்படி நடந்திருக்கிறது.

அம்மா கரண்டியை செர்வாவிடம் கொடுத்துவிட்டு டாக்சிக்குப் போனாள். கண்ணாடியை ஒட்டிக் குனிந்தாள். செர்வாவும் பின்னாலேயே போனாள்.

தாத்தா கூட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நேரே முன்னால் பார்த்தபடி, "போவாஹென் எப்படி இருக்கான்?" என்றார்.

அம்மாவின் உதடு ஒரு தடவை கோணியது. பிறகு நேரானது.

"இருக்கான் மாமா. கொஞ்சம் முடியல."

"சாப்பிட்டானா?"

"கஞ்சி குடிச்சான்."

"ம்." தாத்தா கைத்தடியின் பிடியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். அவர் கையில் தூக்கி வளர்த்த பிள்ளை மாமா. "நான் இந்தப் பக்கம் வரவே இல்ல. எதையும் பாக்கல. நாளைக்கு என் வீட்டுக்கு ஆள் அனுப்பு. வந்து சொல்றதச் சொல்லட்டும், கேட்டுக்கறேன்." கொஞ்சம் நிறுத்தி, "அதுவரைக்கும் தாங்குவியா புள்ள?" என்றார்.

"தாங்குறேன் மாமா."

டாக்சி பின்னாலேயே போய்த் திரும்பியது. மாமாவுக்கு முறை தப்பவில்லை, கல்லறையில் இடமும் போகவில்லை. ஆனால் அதற்கான விலை அம்மாவின் தலையில் விழுந்தது. இன்னொரு ராத்திரி. நாளை ஆண்கள் மாம்போங்குக்குப் போய்ச் சேரும்வரை இன்னொரு பகல். இவ்வளவுக்கும் காரணமான மனிதர் தோள்துணியைச் சரிசெய்துகொண்டு நிற்பதை செர்வா பார்த்தாள். கரண்டியை ஓங்கிவிடக் கூடாதே என்று முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

அம்மா திரும்பி வந்து, வீட்டுக்கு வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவைப்பார்களா, நாற்காலி போடு என்றாள். செர்வாவுக்கு விளங்கவில்லை. அம்மா மறுபடியும் சொன்னாள். வீட்டில் இருந்ததும் பக்கத்து வீட்டில் வாங்கியதுமாக முற்றத்தில் நாற்காலிகள் போட்டாள் செர்வா. துக்கத் துணிக்காரர்கள் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார்கள். அம்மா தட்டில் தம்ளர்களை வைத்து, லார்ட்டேயிலிருந்து தொடங்கி ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே தண்ணீர் கொடுத்தாள். கேமராப் பெண் கேமராவைக் கீழே வைத்துவிட்டு வாங்கிக் குடித்தாள்.

பிறகு அம்மா எதிரில் உட்கார்ந்தாள். விருந்தாளி தண்ணீர் குடித்தானதும் எந்த வீட்டிலும் கேட்பதைத்தான் கேட்டாள்.

"இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நீங்க வந்த விஷயம் என்ன?"

கேட்டுவிட்டால் பதில் சொல்லியாக வேண்டும். வந்தவர்களில் மூத்தவர்தான் சொல்ல வேண்டும். எல்லோரும் லார்ட்டேயைப் பார்த்தார்கள். மேளக்காரர் பார்வையை எடுக்கவே இல்லை. லார்ட்டே காலித் தம்ளரைக் கையில் உருட்டினார். எழுந்தார். போர்த்தியிருந்த துக்கத் துணி தோளிலிருந்து வழுக்கியது, இழுத்துவிட்டுக்கொண்டார்.

"போவாஹெனுக்கு… உடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டோம்," என்றார். "பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

"ரொம்ப சந்தோஷம்," என்றாள் அம்மா. "இப்ப தூங்குறான். எந்திரிச்சதும் நீங்கல்லாம் வந்துட்டுப் போனீங்கன்னு சொல்றேன்."

பேருந்துகள் தெருமுனை திரும்பும்வரை அம்மா வாசலில் நின்று கையாட்டினாள். இன்னொரு கையால் செர்வாவின் முழங்கைக்கு மேலே பிடித்திருந்தாள். நகம் சதையில் இறங்கியது. செர்வா கையை எடுக்கவில்லை.