வளையத்தில் முதல் சுற்று

ஜெர்மனியில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வில் இருந்த தையல்நாயகி, 1988இல் அண்ணன் மகளின் காதுகுத்துக்காகத் திண்டிவனம் வந்திருந்தாள். தபால் நிலையத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்து கிடைத்த டிரங்க் காலில், ஆய்வுக்கூடத்து நண்பர் உற்சாகத்தில் கத்தினார். எலக்ட்ரான் கற்றை நிலத்தடியில் அமைத்த ஆறு கிலோமீட்டர் வளையக் குழாயை முதல்முறையாகச் சுற்றிவிட்டதாம். அவள் செய்த கருவிதான் அதைக் காட்டியதாம்.

ரிசீவரை வைத்தபோது அவள் கண்கள் கலங்கியிருந்தன. துணைக்கு வந்திருந்த அண்ணன் வேங்கடேசன் பதறிப்போனார். அவர் பஸ் டிரைவர்.

“இன்னா தையலு, கெட்ட சேதியா?”

“இல்லண்ணே. நாங்க விட்ட எலக்ட்ரான் சுத்தி வந்துடுச்சு. அந்த ஸ்பீடுல போனா ஒரு செகண்டுல விழுப்புரத்துக்கு நாலாயிரம் தடவ போய்ட்டு வந்துடலாம்.”

தினமும் அந்த ரோட்டில் வண்டி ஓட்டுபவர், ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோலக் கைகளை வளைத்துப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

“அவ்ளோ ஸ்பீடுல வளைவுல திரும்பச்சொல்ல ஓரத்துல இடிச்சுக்காதா?”

தையல்நாயகி அவரை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று வருடமாக அவள் ஆராய்ந்துகொண்டிருந்தது அந்தக் கேள்வியைத்தான்.

“நடுவுல போவுதா, ஓரம் கட்டுதான்னு தொடாமலே சொல்றதுதாண்ணே என் மிஷினோட வேல.”

“தொடாமலேவா!” என்ற வேங்கடேசன், தங்கையின் சின்னக் கைகளைப் புதிதாய்ப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டே நின்றார்.