வீட்டுக்கு ஒரு பாட்டில்

அறுபத்தைந்தில் எல்லையில் சண்டை மூண்டதும் நாரணாபுரத்தில் மண்ணெண்ணெய்க்குப் பஞ்சம் வந்தது. மாதத்துக்கு ஒரு பீப்பாய்தான் என்று சொல்லிவிட்டார்கள். அதைப் பங்கு வைக்க ஊர்க்காரர்கள் தேவாசீர்வாதம் வாத்தியாரைப் பிடித்தார்கள். கை சுத்தமான மனிதர். அந்தச் சுத்தமே வினையாகும் என்று யார் கண்டது?

அவர் மனைவி ஞானபூரணி ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டில் ஓடும் குளிர்ப்பெட்டி ஒன்று இருந்தது. நெருப்பு வைத்தால் எப்படிக் குளிரும் என்று ஊரே வாய்பிளந்து பார்த்த பெட்டி. பாம்புக்கடி மருந்து அதற்குள்தான் கெடாமல் இருந்தது.

"பெட்டிக்கு ஒரு டின்னாவது வேணுங்க," என்றாள் ஞானபூரணி.

"வீட்டுக்கு ஒரு பாட்டில்னா ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாட்டில்தான். பொண்டாட்டிக்கு அள்ளிக் குடுத்தான்னு பேச்சு வரும்."

"வந்தா வரட்டும். வீட்டு விளக்கு அணைஞ்சா இருட்டு, அம்புட்டுத்தான். பெட்டி அணைஞ்சா மருந்தே போச்சு. ரெண்டும் ஒண்ணா?"

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. வாத்தியார் மூடப் பார்த்தார். ஒரு பாட்டில்தான் அளந்தார். இரண்டு நாளில் பெட்டி அணைந்தது.

மறு வாரம், விறகு பொறுக்கப் போன குருவம்மாளை நல்லபாம்பு தீண்டிவிட்டது. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் அய்யம்மாளின் ஒரே மகள், வாத்தியாரிடம் ஐந்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. விஷயம் தெரிந்ததும் தெருவே பாட்டிலும் கையுமாக ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தது.

"இந்தாங்கம்மா சீமெண்ணெய்! பெட்டியைப் பத்த வைங்க!" என்று அய்யம்மாள் கதறினாள்.

"திரிஞ்ச பாலைக் குளிர வச்சா நல்லாயிருமா அய்யம்மா? மருந்து கெட்டுப்போச்சு," என்று ஞானபூரணி அழுதாள்.

டீசல் இல்லாமல் பஸ்ஸும் நின்றிருந்தது. மாட்டுவண்டியில்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சிவகாசி எல்லையைத் தொடுமுன் பிள்ளையின் மூச்சு அடங்கிவிட்டது.

அடுத்த பீப்பாய் வந்ததும் வாத்தியார் முதலில் ஆஸ்பத்திரி டின்னை நிரப்பினார். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன மாதமும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வரிசையில் அய்யம்மாள் வந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் பாட்டிலை விளிம்புவரை நிரப்பப் போனார். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"பாதி போதும் சார். ராத்திரி விளக்கேத்திப் படிக்க வீட்ல இப்ப யாரு இருக்கா?"