லக்ஷ்மிநாராயணன் பேரப்பிள்ளைகள்

அஞ்சம்மாள் நோட்டீஸை நாலாகக் கிழித்தாள். ஆத்திரம் அடங்கவில்லை, எட்டாகக் கிழித்தாள்.

"நிச்சயதார்த்தத்துக்கு வர்றவங்க கையில இத்தக் குடுப்பியா? புள்ளைய வாரிக் குடுத்துட்டு ஊரெல்லாம் உண்டி தூக்கிகினு திரியற. அது பத்தாதா? உன் வயித்து ராசி சரியில்ல, அதுக்கு எங்க ரத்தத்தையாடி கொற சொல்ற?"

தேவதர்ஷினி குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள். 'சூர்யா நினைவு நிதி, அரிய நோய் ஆராய்ச்சிக்காக. சொந்தத்தில் மணமுடிக்கும் முன் இருவரும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.' கடைசி வரிதான் மாமியாரைச் சுட்டுவிட்டது.

மாமியார் என்றால் வெறும் மாமியாரா? அப்பா தினகரனின் கூடப்பிறந்த அக்கா, சொந்த அத்தை. அந்த அத்தை மகன் உதயாவைத்தான் தேவி கட்டிக்கொண்டாள். அஸ்தினாபுரத்தில் ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம் இன்றைக்குக் கோடிக்குப் போகிறது, வெளியே விடுவார்களா? பெண்ணை உள்ளேயே கொடுத்து உள்ளேயே எடுக்கிற குடும்பம். தேவியின் மகன் சூர்யா ஈரல் வீங்கி, வயிறு பானையாய் உப்பி, ஆறு வயதில் போய்ச் சேர்ந்தான். தாய், தகப்பன் இருவர் ரத்தத்திலும் ஒரே குறை இருந்தால்தான் பிள்ளைக்கு இந்த நோய் வரும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். உதயாவும் கேட்டான். வீட்டுக்கு வந்ததும் அம்மா முன்னால் வாயைத் தைத்துக்கொண்டான், மகராசன்!

அந்த நோய்க்கு மருந்து தேடுகிறவர்களுக்காகத்தான் ஒரு வருஷமாக ஞாயிறுதோறும் கேம்ப் ரோட்டில் மேஜை போட்டு தேவி நிதி திரட்டுகிறாள். இப்போது கொழுந்தன் ஹர்ஷாவுக்கு அவள் தங்கை அனுப்பிரியாவையே பேசி முடித்துவிட்டார்கள். தங்கையின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் அதே குறை. ஹர்ஷாவையும் பார்க்கச் சொன்னதற்கு, "ஊசி போட்டு ஜோடி சேக்க நாங்க இன்னா மாடா?" என்றாள் அஞ்சம்மாள்.

"நான் சொன்னா அப்பா கேக்க மாட்டாருக்கா. நீ ஏதாச்சும் பண்ணு" என்று அழுதாள் அனுப்பிரியா.

பண்றேன்டி, பொறு என்று தேவி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

குரோம்பேட்டை மண்டபத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. மூத்த மருமகளுக்கு மனசில் ஒன்றுமில்லை என்று நாலு பேருக்குக் காட்ட வேண்டாமா? லக்னப் பத்திரிகையை அவள் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னாள் அஞ்சம்மாள். தானே கொடுத்தாள்!

தேவி மைக்கைப் பிடித்தாள். "லக்ஷ்மிநாராயணன் மகள் வயிற்றுப் பேரன், அரிகிருஷ்ணன் மகன் ஹர்ஷாவுக்கும், மேற்படி லக்ஷ்மிநாராயணன் மகன் வயிற்றுப் பேத்தி, தினகரன் மகள் அனுப்பிரியாவுக்கும்..."

நிறுத்தினாள். முகூர்த்த நாளைப் படிக்கவில்லை.

"இதே தாத்தாவோட பேரன் உதயா. இதே தாத்தாவோட பேத்தி நான். எங்களுக்குப் பொறந்த சூர்யா கடைசி மாசம் படுக்க முடியாம உட்கார்ந்தே தூங்கினான். என் தங்கச்சிக்கும் அந்தக் குறை இருக்கு. மாப்பிள்ளை ரத்தத்தை இன்னும் பார்க்கல. பார்க்காம இந்தத் தேதியை நான் படிக்க மாட்டேன்."

"பொய்!" அஞ்சம்மாள் மேடையிலேயே கத்தினாள். "எங்க வம்சத்துல எவனுக்கும் இல்லாத நோவு!"

அந்த வீட்டில் மாடு கட்டியிருந்த நாளிலிருந்து வேலை செய்கிற முனியம்மா, வரிசைத் தட்டோடு ஓரமாக நின்றிருந்தாள். "இன்னாக்கா இப்புடிச் சொல்லிட்ட? உன் தலச்சன் பொண்ணு மேகலாவுக்கும் இதே மாரிதான வயிறு ஊதிச்சி? நான்தான இடுப்புல வெச்சிகினு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலஞ்சேன்! மாந்தம்னு சொல்லி மூணு வயசுல பொதச்சீங்க."

தேவிக்கே இது புதுசு. அடிப்பாவி! உனக்கும் இதே கதி வந்து, தெரிந்தேதானா என்னை ஒரு வருஷம் அந்தப் பேச்சுப் பேசினாய்? அத்தையின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்ததும் ஒரு கணம் பாவமாக இருந்தது. அந்த இரக்கத்தை விழுங்கினாள்.

அனுப்பிரியா மணைப் பலகையிலிருந்து எழுந்துவிட்டாள். ஹர்ஷா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தேவி பத்திரிகையை மடித்துத் தாம்பூலத் தட்டில் வைத்துவிட்டு மறுபடி மைக்கை எடுத்தாள்.

"இனிமே வெறும் சூர்யா நினைவு நிதி இல்ல, சூர்யா, மேகலா நினைவு நிதி. ஞாயித்துக்கிழமை மேஜை போடுவோம், எல்லாரும் வாங்க. எங்க அத்தையும் என் பக்கத்துல உட்காருவாங்க. மேகலா எப்படிச் செத்தாள்னு வர்றவங்க ஒவ்வொருத்தருக்கும் அவங்க வாயாலயே சொல்லுவாங்க."